அண்ணன் சொன்ன ஒரே பதில்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், நண்பர்களுக்கும், அண்ணனின் வேனில் பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளைகளுக்கும் தங்கையின் வணக்கம். இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்துப் போட்டேன். நல்ல குணங்களை மட்டும் அடுக்கினால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் என் மனதில் ஒரு காரியம் தெளியாமல் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

நெய்யூருக்கு அருகில் எங்கள் குடும்ப வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணன். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவர் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அப்பா காலமானார். அப்பாவின் பலசரக்குக் கடை மூடப்பட்டது. அண்ணன் லாரியில் கிளீனராகப் போனார், வண்டி ஓட்டக் கற்றார், பிறகு மஸ்கட்டில் பதினோரு ஆண்டுகள் டிரைவராக இருந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். முதுகுவலி தாங்காமல் 2004-இல் ஊர் திரும்பினார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. என் ஒரே மகள் சுஜாவைத் தங்கள் பிள்ளையாகவே வைத்திருந்தார்கள்.

சுனாமிக்கு அடுத்த ஜூன் மாதம் பழைய வேன் ஒன்றை வாங்கி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். குளச்சலில் புறப்பட்டு, நெய்யூரில் எங்கள் வீட்டு முக்கில் சுஜாவையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போகும். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். முதல் மாதம் வேனுக்குள் ஒரே சண்டை என்று சுஜா சொல்வாள்.

ஒருநாள் பிளஸ் ஒன் பையன் ஒருவன், குளச்சலிலிருந்து வரும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார மாட்டேன், மீன் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டான். அந்தப் பெண் அழவில்லை, பையைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பேரையும் திட்டுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“மக்களே, நீ சொன்னத அந்தப் பிள்ளை எப்பிடிக் கேட்டிருக்கும்? அவ எடத்துல நின்னு சொல்லு பாப்போம்” என்று பையனிடம் கேட்டார்.

“எனக்கு என்ன தெரியும்?”

“தெரியலன்னா அவகிட்ட கேளு. அவ சொல்லத அப்பிடியே திருப்பிச் சொல்லு. ஆமா, அதத்தான் சொன்னேன்னு அவ சொன்ன பொறவு நீ ஒனக்க நியாயத்தப் பேசு.”

அன்று எல்லோரும் பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனார்கள். ஆனால் அந்த முறை வேனில் நிலைத்துவிட்டது. எதிராளி சொன்னதை அவருக்குத் திருப்தியாகும்படி திருப்பிச் சொல்லாமல் யாரும் மறுத்துப் பேசக் கூடாது, ஆளைக் கேலி செய்யக் கூடாது. கேள்விகளைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பது உதவியா? சாமி பெயரால் ஒருவரை வீட்டுக்குள் விடாமல் இருக்கலாமா? கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இருப்பது பொய்யா? இந்தக் கடைசிக் கேள்வியில், அது பொய்யே இல்லை என்று என் மகள் இரண்டு நாள் வாதாடியதாகக் கேள்விப்பட்டேன். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்த வேன் அது. கோபம் ஏறினால் அண்ணன் வண்டியை நிறுத்துவார், ஆறிய பிறகு எடுப்பார். “நீங்க என்ன மாமா நினைக்கியோ?” என்று பிள்ளைகள் கேட்டால், “நான் ரோட்டப் பாக்கேன், நீங்க பேசுங்க” என்பாராம். ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

வண்டி ஓட்டச் சொன்னால் வகுப்பு எடுக்கிறார் என்று சில பெற்றோர் முறையிட்டார்கள். இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கோ அப்போது பெருமையாக இருந்தது. வீட்டில் வாய் திறக்காத என் மகள் பேசப் பழகியிருந்தாள்.

இனி வருவதைச் சுஜாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எழுதாவிட்டால்தான் வருத்தம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை வலிப்பு வந்ததுண்டு. மருந்து கொடுத்து, பிறகு நிறுத்தி, அதன்பின் ஒருமுறைகூட வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவள் பட்டப்படிப்பை முடித்த ஆண்டு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, தங்கமான குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று தாய்மாமன் என்ற முறையில் அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாம் பேசி முடிந்து, நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்ற நேரத்தில், சுஜா மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்து, “அத்தை, ஒரு காரியம் சொல்லணும்” என்றாள். சொல்லியும் விட்டாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்ல பிள்ளை மக்களே” என்றார். மூன்றாம் நாள் தரகர் போன் செய்து, ஜாதகம் சரியில்லையாம் என்றார்.

நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“இப்பம் நிறைவாச்சா அண்ணா? வேனுல வச்சு வச்சுச் சொல்லிக் குடுத்தீங்களே, எனக்க பிள்ளைக்க வாழ்க்கை போச்சே!”

அண்ணன் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எந் தப்புதான் மக்களே” என்றார்.

ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. விசேஷங்களில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பேன். அதன்பின் வந்த இரண்டு சம்பந்தங்களிலும் சுஜா முதலிலேயே சொன்னாள், இரண்டும் அப்படியே நின்றன. ஒவ்வொன்றுக்கும் நான் அண்ணனைத்தான் மனதுக்குள் குற்றம் சொன்னேன். இதற்கிடையில் உடம்பு முடியாமல் அண்ணன் வேனை விற்றுவிட்டார் என்பதையும் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

சென்ற ஆண்டு இதய நோயால் அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோது ஓடினேன். பதினோரு நாள் கஞ்சி கொண்டுபோனேன். உப்பு போதுமா, தலையணை வேண்டுமா என்பதைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை அவர் உயிர் பிரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாட்டு இலைகளை எடுத்துக்கொண்டிருந்தோம். வந்திருந்த ஒருவரிடம், அண்ணன் வேனில் படிப்பித்த படிப்புதான் என் மகளை இப்படி ஆக்கியது என்று நான் சொல்லிவிட்டேன். கோபமாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதுதான். சுஜா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

“அம்மா, சொல்லாண்டாம்னுதான் மாமா சொன்னாங்க.”

எனக்குப் புரியவில்லை.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அவள் மாமாவைத் தேடிப் போயிருக்கிறாள். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வலிப்பு வந்ததைச் சொல்லவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். ரோட்டைப் பார்க்கிறேன் என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறாள். அவரோ உடனே, “சொல்லாண்டாம் மக்களே. சொகமாயி எவ்வளவு காலமாச்சு. விட்டிரு” என்றாராம்.

“வேனுல வச்சுக் கேட்டிருந்தா இப்பிடிச் சொல்லுவீங்களா மாமா?”

“இது வேனில்ல. நீ எனக்க பிள்ளை.”

அவர் சொன்னதை அப்படியே அவரிடம் திருப்பிச் சொல்லிவிட்டு, “சரிதானா மாமா?” என்று கேட்டாளாம். சரிதான் என்றாராம். “அப்பம் நான் ஒத்துக்கிட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“இத ஏன்டீ எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“மாமாதான் சொல்லக் கூடாதுன்னாங்க. ஒங்கம்மைக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும், அது நானா இருந்துட்டுப் போறேன், ஒம்மேல வேண்டாம்னாங்க.”

அதற்கு மேல் அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

இப்போது எனக்கு எதுவும் பிடிபடவில்லை. “எந் தப்புதான்” என்று அண்ணன் எதைச் சொன்னார்? பிள்ளைகளை யோசிக்கப் பழக்கியதையா? அல்லது தன் வீட்டுப் பிள்ளை என்றதும் மறைக்கச் சொன்னதையா? மற்ற பிள்ளைகளிடம் காட்டாத பலவீனத்தை இவளிடம் காட்டியதற்காக வெட்கப்பட்டாரா? அந்த வெட்கத்தை மூடத்தான் என் கோபத்தைத் தன் மேல் வாங்கினாரா, இல்லை, எங்கள் இருவருக்காகவா? சுஜாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அவள் இப்போது நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஆசிரியை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். அவள் செய்தது சரி என்று ஒருநாள் தோன்றுகிறது, மறுநாள் அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது. இதில் நான் யார் பக்கம் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவுபகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த தம்பிக்கும், காரியங்கள் முடியும்வரை தங்கள் வண்டிகளை ஓட்டாமல் கூடவே நின்ற வேன் ஸ்டாண்டு டிரைவர்களுக்கும், சமையலுக்குக் கைகொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மன்னிப்புக் கேட்க அண்ணன் இல்லாததால் அண்ணியிடம் கேட்டேன். நடந்தது முழுவதும் அவர்களுக்கு முதலிலேயே தெரியும். என் தலையைத் தடவி, “அவிய ஒருநாளும் ஒன்னயப் பத்திக் கொறையா ஒரு வாக்கு சொன்னதில்ல” என்றார்கள். அது எனக்கு ஆறுதலா, இன்னும் கூடிய பாரமா என்று தெரியாமலேயே இதை முடிக்கிறேன்.