வில்லனின் வலது கையுறை

ஓய்வு பெற்ற மறுநாளே எல்லோரும் என்னைப் பாராட்டத் தொடங்கிவிட்டார்கள். பணியில் இருந்தவரை அப்படி எதுவும் நடந்ததில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருவர் மனம் நிறைந்து பாராட்டுகிறார் என்றால், எங்கோ ஒரு விதி மீறப்பட்டிருக்கிறது என்று பொருள். இப்போதோ எங்கள் மலையூரின் ஏரிக்கரையில் நடந்தால் பாராட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் பாராட்டு. செல்போனில் பணம் அனுப்பிவிட்டால் கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்: "பாருங்க, இந்த வயசுலயும்!"

இந்தப் பாராட்டில் ஒரு வசதி உண்டு. பாராட்டுகிறவர் எதையும் பார்க்க வேண்டியதில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போடுவதைப் பணிக்காலம் முழுவதும் குற்றமாகவே கருதியவள் நான். அந்தக் குற்றம் தினமும் என் மேலேயே நடந்துகொண்டிருந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் வில்லனைக் கண்டுபிடித்தேன். கணவரும் நானும் மாலையில் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்போம். ஏதோ ஒரு கோளைக் காப்பாற்ற ஓர் இளைஞன் ஓயாமல் ஓடுகிறான். அவன் எந்த உத்தரவையும் முழுதாகப் படித்ததில்லை. அவனைத்தான் நாயகன் என்றார்கள். எதிரே பேரரசின் ஆணையர் ஒருவர். செம்பழுப்புக் கவசம், தரையில் இழையும் கறுப்பு அங்கி, கண்ணுக்கு மட்டும் ஒரு கீற்று விட்ட தலைக்கவசம். அவர் கத்த மாட்டார். ஒரு நகரத்தை அழிப்பதென்றாலும் அதற்கான கோப்பினை வாங்கி, படித்து, கையெழுத்திட்டு, பிறகே அழிப்பார். செய்வது அநியாயம்தான். ஆனால் அந்தத் தொடரிலேயே ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆள் அவர்.

சென்னையில் நடக்கவிருந்த ஒரு ரசிகர் மாநாட்டின் அறிவிப்பு கண்ணில் பட்டது. பிடித்த பாத்திரங்களின் வேடமிட்டு வருவார்களாம். அதில் ஒரு போட்டிப் பிரிவு: உடை முழுவதையும் வீட்டில் கையால் செய்திருக்க வேண்டும், திரையில் கண்டபடியே இருக்க வேண்டும், நடுவர்கள் மூலப் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள்.

மூலத்தோடு ஒப்பிடுவது! அந்த வரியை இரண்டாம் முறை படித்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

"ஏனுங்க, நான் வில்லனா போகப்போறேன்" என்றேன் கணவரிடம்.

எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆட்களுக்கு வருகை போட்டு, காப்பிக்கு எடை போட்டு, எதற்கும் அதிர்ச்சி அடையாத சுபாவம் வந்துவிட்டது. "பத்திர ஆபீஸ்ல இருந்தப்ப சனங்க அப்படித்தானே சொன்னாங்க. இப்ப எதுக்கு தனியா வேசம்?" என்றார்.

"அங்க ஒருத்தராவது உத்துப் பாத்து மார்க் போடுவாங்க. எனக்கு அது வேணும்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

முதல் சிக்கல், எந்த ஆணையர் என்பது. ஒரு காட்சியில் அங்கி முழங்கால் வரை, அடுத்ததில் தரை வரை. ஒரு காட்சியில் மார்புக்கவசத்தில் ஓர் ஆணி உதிர்ந்திருக்கிறது, இன்னொன்றில் முளைத்திருக்கிறது. மூலங்கள் முரண்பட்டால் ஒன்றை மூலமாகக் கொண்டு மற்றதை மறந்துவிட வேண்டும். ஆணையர் நகர அழிப்பு உத்தரவில் கையெழுத்திடும் காட்சியை எடுத்துக்கொண்டேன். அதை நிறுத்தி, பெரிதாக்கி, சேலத்தில் வண்ணப் படமாக அச்செடுத்துவந்து சமையலறைச் சுவரில் ஒட்டினேன். விண்ணப்பத்தோடும் அதையே மூலப் படமாக அனுப்பினேன்.

கவசத்துக்குத் தடித்த ஃபோம் ஷீட். சூடு காட்டினால் வளையும், ஆறினால் வளைந்தபடி நிற்கும். தோள் தகடுகளை இட்லிக் குண்டான்மேல் வைத்து வளைத்தேன். ஆணையரின் தோளுக்கும் எங்கள் குண்டானுக்கும் அளவு அவ்வளவு பொருந்தியது. ஆணிகளுக்கு, சோஃபா தைப்பவர்கள் அடிக்கும் குமிழ் ஆணி. மார்பின் வலது வரிசையில் நான்காவதை மட்டும் அடிக்காமல் ஓட்டையாக விட்டேன். படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

வண்ணம் பூசி மேலே வார்னிஷ் அடித்ததும் மூடுபனி வந்தது. காலையில் பார்த்தால் கவசம் முழுக்கப் பால் கொட்டியதுபோல் வெளுத்துப் பூத்திருந்தது. ஈரக் காற்றில் வார்னிஷ் அடித்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சுரண்டி, மறுபடி அடித்தேன். மறுபடி பனி. மூன்றாவது முறை அடுப்படியில் உலர்த்தினேன்; ஆணையர்மேல் தாளித்த வாசனை ஏறியது, வெளுப்பு போகவில்லை.

"விட்டுடேன், சாமி" என்றார் கணவர். என்னைச் சாமி என்று அவர் கூப்பிடுவது எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும்தான்.

"வெயில் வரட்டுங்க" என்றேன்.

தை பிறந்து வெயில் வந்தது. கிளியூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் காப்பி உலர்த்தும் சிமெண்டுக் களம் இருக்கிறது. காப்பிப் பழங்களுக்கு நடுவே ஓர் ஓரம் கேட்டு வாங்கி, கவசத்தைத் துண்டு துண்டாகப் பரப்பி, வார்னிஷ் அடித்துக் காயவைத்தேன். களத்தில் பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கம்மா, இதாரு நெஞ்சுங்க?"

"வில்லனோடது."

"நம்மூரு ஆளுங்களா?"

"இல்ல, வேற கிரகம்."

"அதான் பாத்தேன். எங்கூட்டுக்காரரு இதவிட நொம்பப் பெரிய வில்லனுங்க. ஒரு நாளும் கவசம் கேட்டதில்லீங்க."

களமே சிரித்தது. ஆனால் அவள் பழத்தைப் புரட்டும்போதெல்லாம் என் தகடுகளையும் ஒரு முறை திருப்பிப் போட்டாள். சாயங்காலம் கவசம் பழைய செம்புப் பாத்திரத்தைப்போல மங்கலாக மின்னியது. ஒரு வெண்புள்ளி கிடையாது.

துணி வேலையிலும் பெரும்பகுதி என்னுடையதுதான். ஆனால் என் வீட்டுத் தையல் இயந்திரம் அங்கியின் கனத்துக்கும் கையுறையின் ரெக்சினுக்கும் முரண்டு பிடித்தது. வெளியாளின் உதவியைப் படிவத்தில் தெரிவித்தால் போதும் என்று விதியில் இருந்தது. தெரிவித்துவிட்டு, கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். படத்தைப் பார்த்தவுடன் அவர் குறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அங்கி விளிம்பு எடது பக்கம் எறங்கியிருக்குதுங்களே. நான் நேர் பண்ணித் தந்துடறேன்."

"வேண்டாங்க பாய். கோணலாத்தான் வேணும்."

"கோணலா தெச்சுக் குடுத்தா, கட பேரு என்னாகறதுங்கம்மா?"

"யாராவது கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

"யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களா முடிவு பண்ணிக்குவாங்க."

அவருக்கு நகல் என்றால் என்னவென்று விளக்கினேன். என் அலுவலகத்தில் பழைய பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்பார்கள். மூலத்தில் கிழக்கு என்பதற்குப் பதில் மேற்கு என்று இருந்தால், நகலிலும் மேற்குதான். அதைத் திருத்தினால் உபகாரம் அல்ல, மோசடி. புதிதாக வரும் உதவியாளர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள்; நல்லது செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். பாய் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப திரையில அந்தாளு தப்பா போட்டிருந்தா, நாமளும் தப்பாப் போடணும். அவ்வளவுதானுங்களே?" என்றார். அவ்வளவுதான். நான் இவ்வளவு நேரம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

அங்கி அழகான கோணலோடு வந்தது. கையுறைகளும் வந்தன, இடதும் வலதுமாக, கச்சிதமாக.

நானும் கணவரும் மலையிறங்கிய பஸ்ஸில் தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று யோசித்தார். மடியில் அடங்குவது கைப்பை, அடங்காததே சரக்கு என்றேன். அவர் தலைக்கவசத்தின் கண் கீற்றை ஒரு முறை பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார். பதவியில் இருந்தபோது எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

சென்னை அரங்கில் வரிசை நீண்டிருந்தது. வால் வைத்தவர்கள், கொம்பு வைத்தவர்கள், வாளை டேப் ஒட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள். பதிவு மேசையில் இருந்த இளைஞர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க ஆன்ட்டி. பேரனைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"போட்டிக்கு வந்திருக்கேன்." படிவத்தை நீட்டினேன்.

"சூப்பர் ஆன்ட்டி! உங்களுக்குத் தனியா சீனியர் நடை இருக்கு. ஜட்ஜிங் எல்லாம் கிடையாது. மேடையில ஒரு ரவுண்டு, எல்லாரும் கை தட்டுவாங்க, ஒரு மெடல்."

சமவெளிக்கு வந்தும் அந்தப் பாராட்டு என்னை விடவில்லை.

"எந்த விதிப்படிங்க?" என்றேன்.

"விதின்னு இல்ல, உங்க வசதிக்காக..."

அச்செடுத்து வைத்திருந்த விதிகளை மேசையில் வைத்தேன். "வயசுக்குக் கீழ்வரம்பு போட்டிருக்கீங்க. மேல்வரம்பு எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் தேடினார். இல்லாததைத் தேடும் முகத்தை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், அவசரப்படுத்தவில்லை. மேலாளரைப் போனில் கேட்டார், பெருமூச்சு விட்டார், முதன்மைப் பிரிவின் எண் அட்டையைத் தந்தார். "இந்த வயசுலயும் இவ்வளவு..." என்று தொடங்கினார். என் கணவர் குறுக்கிட்டார்: "தம்பி, அந்த வாக்கியத்த மட்டும் முடிச்சிடாதீங்க."

முதுகுப்புறக் கொக்கிகளைக் கணவர்தான் மாட்டினார். தலைக்கவசம் ஏறியதும் உலகம் ஒரு கீற்றாகச் சுருங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. சிரமமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

நடுவர் முப்பது வயதுப் பெண், நீலச் சாயமிட்ட முடி. முன்னால் நின்ற பையனிடம் பத்து நிமிடம் செலவிட்டவர், நான் தலைக்கவசத்தைக் கழற்றியதும், "அய்யோ, அம்மா! செம!" என்று கைகளைத் தட்டி, பேனாவை மூடிக்கொண்டே அடுத்தவரைப் பார்த்துத் திரும்பினார்.

"மேடம், நில்லுங்க" என்றேன். "மார்க் போட்டுட்டீங்களா?"

"கவலப்படாதீங்கம்மா. நல்லாவே போட்டுடறேன்."

"நீங்க இன்னும் பாக்கவே இல்லியே. அந்தப் பையனத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. பாக்காம போடற மார்க் எனக்கு வேண்டாம். பாத்துட்டுச் சைபர் போடுங்க, வாங்கிக்கறேன்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எனக்கு அதுதான் தேவைப்பட்டது. பேனாவைத் திறந்தார். டேப்லெட்டில் என் மூலப் படத்தை எடுத்தார். கவசத்தை விரலால் தட்டினார், மூட்டுகளைப் பார்த்தார், அங்கியின் கோணலைக் குனிந்து பார்த்து ஒரு குறி போட்டார். மார்பில் ஆணி இல்லாத ஓட்டையைத் தொட்டு, "இதக் கூடவா!" என்றார், தனக்குள் பேசுவதுபோல. பிறகு என் கைகளிடம் வந்து நின்றார். வெகு நேரம் நின்றார்.

"வலது கையுறை தப்பு" என்றார்.

"எப்படி?"

திரையை என் பக்கம் திருப்பிப் பெரிதாக்கினார். ஆணையரின் வலது கையில் தையல் மடிப்பு வெளியே தெரிந்தது, பெருவிரலோரம் பிசிறு. இடது கையில் அது இல்லை. "படப்பிடிப்புல வலது உறை தொலஞ்சிருக்கும். இன்னொரு இடது உறைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி வலது கையில மாட்டி விட்டிருக்காங்க. உங்களது ரெண்டும் ஒழுங்கா இருக்கு."

மாதக்கணக்கில் அந்தப் படம் என் சமையலறைச் சுவரில் இருந்தது. அதில் அவர் கையெழுத்திடும் தாளை நான் முழுவதும் ஆராய்ந்திருக்கிறேன். புரியாத எழுத்துதான், ஆனாலும் முத்திரை இருக்கிறதா, எல்லாப் பக்கத்திலும் சுருக்கொப்பம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். பேனாவைப் பார்த்தேன். பேனாவைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மார்க் குறைக்கிறேன்" என்றார் நடுவர். குரலில் இரக்கமே இல்லை.

"குறையுங்க" என்றேன். "காரணத்தையும் எழுதிடுங்க."

எழுதினார். எழுதிவிட்டு, "தோளுக்கு இந்த வளைவு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். இட்லிக் குண்டான் என்றேன். அவர் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அது மதிப்பெண்ணுக்காக அல்ல, அவருக்காக.

முதல் பரிசு சிறகு விரியும் பறவை மனிதனுக்குப் போனது. அந்தச் சிறகின் மூட்டுகளை நானே பார்த்தேன், சரியான தீர்ப்பு. எனக்கு ஆறாம் இடம். பதிவு மேசை இளைஞர் விடாப்பிடியாக மெடலோடு வந்தார். "இவர்தான் என்னைவிட மூத்தவர்" என்று கணவரைக் காட்டினேன். அவர் மறுப்பே இல்லாமல் கழுத்தை நீட்டினார். சேலம் வரும்வரை கழற்றவும் இல்லை.

மறுவாரம் பாயின் கடைக்குப் போனேன்.

"என்னாச்சுங்கம்மா, செயிச்சீங்களா?"

"ஆறாவது. உங்க கையுறையால ரெண்டு மார்க் போச்சு."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "என்னங்க கொற அதுல?"

"குறையே இல்ல. அதான்."

நடந்ததைச் சொன்னேன். படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவரும் அங்கியின் விளிம்பைத்தான் பார்த்திருந்தாராம். ரெக்சின் துண்டை எடுத்து மேசையில் விரித்தார்.

"அப்ப இப்ப வலது கை ஒண்ணு தெக்கணுமுங்களா?"

"இல்லீங்க பாய். இன்னொரு இடது கை."