பவர் ஏற்றிய வண்டி

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் எங்கள் காருக்கு பவர் போதாது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அதற்கு முன் ஏழு வருஷம் அந்தச் சின்ன பெட்ரோல் கார் காரைக்கால் கடைத்தெருவில் ஆட்டோக்களுக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஒரு குறையும் என் கண்ணில் பட்டதில்லை.

அவள் பள்ளி ஆசிரியை. சுரக்குடிப் பக்கம் மாற்றலானதும், இரண்டு பஸ் மாறிப் போவதற்குப் பதில் காரை எடுத்துக்கொண்டு போகலாமே என்று பயிற்சிக்குச் சேர்ந்தாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். நான் மூன்றாம் தடவை வாங்கியவன். அதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. லைசென்ஸ் வந்த அன்று காரின் இரண்டாவது சாவியை வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து அவளிடம் கொடுத்தவன் நான்தான். சாவியைத்தான் கொடுத்தேன், காரை அல்ல. மழை, டயர் தேய்மானம், சாலையில் பள்ளம் என்று தினம் ஒன்று சொல்லி ஆறு மாதம் தள்ளினேன். சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போன மாதத்தில் பவர் ஏற்றச் சொல்லி காரைப் பட்டறையில் விட்டேன்.

பட்டறைக்காரர் சைலன்சரை மாற்றினார், காற்று வடிகட்டியை மாற்றினார், எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் புது ப்ரோக்ராம் போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தெருவுக்குள் நுழைந்த சத்தத்தில் எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. இனி இது உன் கைக்கு அடங்காது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். திங்கட்கிழமை தானே பள்ளிக்கு எடுத்துப் போவதாக அவள் சொன்னாள்.

பட்டறைக்காரர் அன்பளிப்பாக ஒரு சிவப்புச் சாவிக்கூடு தந்திருந்தார். அன்று இரவே என் சாவியின் பழைய கூட்டைப் பிளந்து, உள்ளே இருந்ததையெல்லாம் புதுக்கூட்டுக்கு மாற்றினேன். காலிக் கூட்டை பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு ஏழரை நடப்பதாக ஜோதிடர் சொல்லியிருந்தார். எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் திருநள்ளாற்றுக்கு வருவார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் நான் அதுவரை பரிகாரம் என்று போனதில்லை. சனிக்கிழமை அங்கே காரை நிறுத்த இடம் தேடினால் அதற்கே தனிப் பரிகாரம் வேண்டும் என்பதால் ஸ்கூட்டரில் போனேன். எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

திங்கட்கிழமை கார் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மனைவி, சாவிப் படம் போட்ட ஒரு விளக்கு மினுக்குகிறதே என்றாள். பவர் ஏற்றிய வண்டியில் நாலு விளக்கு மினுக்கத்தான் செய்யும் என்றேன். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

பட்டறைக்காரர் லேப்டாப்புடன் வந்தார். காரின் கம்ப்யூட்டர் ஏதோ சாவிக் கோளாறு என்று சொல்வதாகவும், அது தன் ப்ரோக்ராமைப் பார்த்து மிரண்டுபோய் உளறுவதாகவும் விளக்கினார். பழைய ப்ரோக்ராமைத் திரும்பப் போட்டார். அப்போதும் உளறியது. பிளக்குகளைக் கழற்றி மாட்டினார், பெட்ரோல் பம்பை மாற்றினார். அடுத்து கோட்டுச்சேரிமேட்டிலிருந்து படகு எஞ்சின் பார்க்கும் ஒருவரைக் கூட்டி வந்தேன். நடுக்கடலில் நின்ற எஞ்சினையே கிளப்பியவர் அவர். பெட்ரோலை முகர்ந்து பார்த்து, உப்புக்காற்று என்றார். தள்ளிப் பார்க்கலாம் என்றார். மாதா கோயில் வரை தள்ளினோம். அங்கிருந்து வீடு வரை திரும்பவும் தள்ளினோம்.

வாரம் முழுக்க அவள் பஸ்ஸில் போனாள். எனக்குக் கவலைதான். ஆனால் கவலைக்கு அடியில் நிம்மதியாகவும் இருந்தது. அதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். கார் வாங்கியபோது கொடுத்தது. ஏழு வருஷமாகப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் காருக்குள்ளேயே கிடந்தது. விரலால் ஒரு வரியைத் தொட்டுக்கொண்டு, "அந்த வெளக்கு மினுக்குனா வேற சாவியப் போட்டுப் பாக்கணுமாம்," என்றாள். கைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்தாள். தட்டில் வைத்துக் கொடுத்த அதே சாவி, ஒருநாளும் தொடாதது. ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். பட்டறைக்காரருக்கு போன் போட்டேன். சாவிக்கூட்டின் மூலையில் அரிசி மணி அளவில் ஒரு சில்லு இருக்கும், அது இல்லாமல் கார் பெட்ரோல் எடுக்காது, பழைய கூட்டைத் தேடி எடுங்கள் என்றார். தேடுவதற்கு என்ன இருக்கிறது? பேண்ட்டோடு சேர்த்துத் திருநள்ளாற்றில் விட்டுவிட்டு வந்திருந்தேன். போனில் பேசியதைக் கேட்டு அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனாலும் கார் ஜன்னலோரம் போய் நின்றேன். பிக்கப் ரொம்ப அதிகம், இன்றைக்கு மட்டும் நான் கூட வருகிறேன் என்றேன்.

"பழைய ப்ரோக்ராம்தானே போட்டிருக்காரு?" என்று கேட்டாள். நான் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு ஓட்டத் தெரியும்ங்க. அது உங்களுக்கும் தெரியும்."

தெரியும். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்பது முதல் நாளே தெரியும். அவளுக்கு அடங்கக் கூடாது என்றுதான் அந்த எஞ்சினுக்கு பவர் ஏற்றினேன்.

கார் எங்கும் இடிக்காமல் குலுங்காமல் தெருமுனையில் திரும்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.