லாரிக்குப் போன மெழுகுத் தலை

எங்கள் லாரி பழைய மாடல். அதன் என்ஜின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ரெக்சின் போர்த்திய ஒரு பெட்டிக்குள் இருக்கும். என் வீட்டுக்காரர் இருபது வருடத்துக்கு மேலாக அந்த வண்டியை ஓட்டுகிறார். பூனா பக்கம் போசரியில் வார்ப்புச் சாமான்களை ஏற்றி தளேகாவில் இறக்குவார். அதுதான் எங்கள் பிழைப்பு. அவருக்கு அதுதான் சந்தோஷமும்.

போன மழைக்காலத்தில் அவருக்குத் தலைவலி வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். டாக்டர் சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, வயசாகிறது இல்லையா என்றார். 

ஒரு நாள் வந்தவர் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

"ஏளா, வண்டி ஓட்டும்போதே கண்ணு செருகிட்டு. முழிச்சுப் பாக்கேன், பைக்குல வந்த ரெண்டு பேரும் ரோட்டோரத்துல விழுந்து கெடக்காவ. நான் இடிக்கல. வண்டி அவங்க பக்கம் சாஞ்சிருக்கு, பயந்து ரோட்ட விட்டு எறங்கிட்டாவ. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா?"

மகளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பூனாவில்தான்.

"பஸ், போதும் அம்மா. அப்பா டிரைவிங் பந்த். வண்டிய வித்துடலாம். ஃப்ரைடே ஆஃப்டர்நூன் ஒரு பார்ட்டி பாக்க வராங்க."

அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "அவ சொல்லுதது சரிதான். எனக்கு வயசாயிட்டு" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போது மாதா கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் கை, கால், கண் என்று மெழுகில் செய்து விற்பார்கள். உடம்பில் எங்கே நோவோ அதை வாங்கி மாதாவிடம் வைத்து வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். நான் உள்ளங்கை அளவில் ஒரு தலை வாங்கினேன். உள்ளே போனால் ஒரே கூட்டம். அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு முன்னால் போக எனக்குக் கூச்சம். கூட்டம் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று பையிலேயே போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கையில் இருந்த லோடுகளை முடித்துக்கொடுக்க இன்னும் மூன்று நாள் ஓட்ட வேண்டியிருந்தது. தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பேச்சுக் கொடுத்து முழிக்க வைக்கலாமே என்று பக்கத்து சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். நல்ல மழை. கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தோம். முதல் நாள் திரும்பி வரும்போது எனக்கும் தலை கனத்தது. பழக்கம் இல்லாத பிரயாணம், அதுதான் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் குமட்டியது. மூன்றாம் நாளும் அப்படியே.

புதன்கிழமை துணி துவைக்கும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவருடைய சட்டையில் எப்போதும் இடது கை மட்டும் கறுத்திருக்கும். கையைத் துடைத்துக்கொள்கிறார் போல என்று மாதக்கணக்காக சோப்பைத் தேய்த்துத் திட்டியிருக்கிறேன். அன்று என் சேலையை விரித்தேன். அதே கறுப்பு, என் வலது பக்கத்தில். அவருக்கு இடது, எனக்கு வலது. நடுவில் என்ன இருக்கிறது? என்ஜின் பெட்டி.

அவரிடம் சொன்னேன். "பழைய வண்டின்னா கொஞ்சம் கரி வரத்தான் செய்யும். விக்கப்போற வண்டிக்கு என்ன வைத்தியம்?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. போசரித் தொழிற்பேட்டைக்கு அன்றுதான் வார விடுமுறை. எல்லாக் கடைக்கும் ஷட்டர் போட்டிருந்தது. எங்கள் வண்டியைப் பழுது பார்க்கும் மிஸ்திரியின் வீடு அவருடைய ஷெட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால் ஆள் இருப்பார் என்று எனக்குத் தெரியும். "விக்கிற முன்னாடி ஒரு தடவ காட்டுங்க, எனக்காக" என்று என் வீட்டுக்காரரைக் கிளப்பிவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்காக என்று நான் அதிகம் கேட்டதில்லை. அதனால்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

மிஸ்திரி போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசினார். எனக்கோ வெளி ஆம்பளைகளிடம் தமிழிலேயே வாய் வராது, ஹிந்தி எங்கே வரும்? பையிலிருந்து துவைக்காத சட்டை ஒன்றை எடுத்தேன். அதன் இடது கையை விரித்து மிஸ்திரி முன்னால் பிடித்தேன். பிறகு பையில் இருந்த என் சேலையின் வலது பக்கத்தை. பிறகு லாரியைக் காட்டினேன்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவர் பேசியது ஹிந்தியும் மராட்டியும் கலந்து. எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். என் வீட்டுக்காரரை அவர் காகா, அதாவது சித்தப்பா என்பார்; என்னை மாவ்ஷி, அதாவது சித்தி என்பார்.

என்ஜின் பெட்டியைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டிக் டிக் டிக் என்று சத்தம். வெள்ளைத் துணியை ஒரு கம்பியில் சுற்றி உள்ளே நீட்டி எடுத்தார். துணி கறுப்பாகிவிட்டது.

"மேனிபோல்டு வெடிச்சிருக்கு காகா."

எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளிக்குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டாம் அது. ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். புகை வெளியே போகாமல் நாங்கள் உட்காரும் இடத்துக்கே வந்திருக்கிறது.

"பீடிய விட்டுட்டேன்னு பெருமையா சொன்னீங்களே? வண்டி உங்களுக்குத் தெரியாம தினமும் நூறு பீடி குடுத்திருக்கு. வயசு ஆனது வண்டிக்கு, உங்களுக்கு இல்ல."

என் வீட்டுக்காரர் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் இல்லியா?" என்று தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க இல்ல" என்றேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வெல்டிங் வைத்தால் எட்டு நாளில் மறுபடி விரிசல் விடும், மாற்றத்தான் வேண்டும் என்றார் மிஸ்திரி. வேறு வண்டியில் கழற்றிய ஒன்று அவரிடம் சாக்குக்குள் இருந்தது. அதைத் தொங்கவிட்டு சுத்தியலால் தட்டினார். மணி அடித்த மாதிரிக் கேட்டது. விரிசல் இருந்தால் இப்படிக் கேட்காதாம்.

பழையதைக் கழற்றுவதுதான் பாடு. பன்னிரண்டு நட்டும் துருப்பிடித்திருந்தன. முறுக்கும்போது போல்ட் உடைந்தால் என்ஜினின் மேல்பாகத்தையே இறக்க வேண்டும், ஒரு வாரம் ஆகிவிடும் என்றார். எங்களுக்கு ஒரு வாரம் ஏது? விடிந்தால் வெள்ளிக்கிழமை, வண்டியைப் பார்க்க ஆள் வந்துவிடும். அவர் நட்டை கேஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி, அதன் மேல் மெழுகுவர்த்தியை வைப்பார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பிறகு மெதுவாகத் திருப்புவார். ஒன்பது நட்டு அப்படியே வந்தன. பத்தாவதைக் காய்ச்சி முடித்தபோது மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது.

"ஆறிடும், ஆறிடும்! மோம்பத்தி!" என்று அவர் வீட்டுப் பக்கம் கத்தினார். வீட்டில் இல்லை. கடையும் திறக்கவில்லை.

நான் பைக்குள் கைவிட்டு மெழுகுத் தலையை எடுத்து நீட்டினேன்.

மிஸ்திரி தீயைப் பிடித்தபடியே பார்த்தார். "இது யார் தலை மாவ்ஷி?"

நான் என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

"ஏளா, அது மாதாவுக்கு வாங்கினதுலா!"

"உங்க தலைக்குத்தான வாங்குனேன்? இப்பமும் உங்க தலைக்குத்தான்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. மனதுக்குள் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளும் ஒரு வீட்டை நடத்தியவள்தானே, புரியும்.

மிஸ்திரி தலையை வாங்கி நெற்றியில் ஒரு தரம் ஒற்றிக்கொண்டார். அது எங்கள் சாமிக்கு வாங்கியது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முதலில் மூக்கு கரைந்தது, பிறகு காது. பத்தாவது வந்தது, பதினொன்றாவது வந்தது. கடைசி நட்டு கிறீச்சிட்டபோது நாங்கள் மூவரும் மூச்சு விடவில்லை. அதுவும் வந்துவிட்டது.

புதிய பேக்கிங் வைத்து, சாக்கிலிருந்த மேனிபோல்டைப் பொருத்தி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி முறுக்கினார். வண்டியைச் சூடாக்கி மறுபடியும் முறுக்கினார். கம்பியில் சுற்றிய வேறொரு துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. விடுமுறை நாளில், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர். நன்றி சொல்ல எனக்கு ஹிந்தி வராது. போய் அவர் தட்டைக் கழுவி வைத்தேன். "மாவ்ஷி, நீங்க அந்தச் சட்டையக் காட்டலேன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்? ஆயில் மாத்தி அனுப்பியிருப்பேன்" என்றார். என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் மகள் காலையிலேயே வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். நம்பவில்லை.

"நானும் வரேன். விண்டோ எல்லாம் பந்த் பண்ணுங்க. நான் பாக்கணும்."

மூன்று பேரும் ஏறினோம். மழையில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தளேகாவ் வரை போனோம். அவர் வழி முழுக்கப் பேசினார். ரோட்டுக் குழியைத் திட்டினார், பஸ்காரனைத் திட்டினார், மகளுக்கு வண்டியின் ஒவ்வொரு கியரையும் பற்றிச் சொன்னார். கூர்ந்து கவனிக்க வந்தவள், விடியுமுன் கிளம்பிய களைப்பில், பாதி வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

"ஏளா, இப்ப யாருக்கு வயசாயிட்டுன்னு கேளு" என்றார் அவர்.

இறங்கியதும் மகள் தன் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். வலி இல்லை. எனக்கும் இல்லை. பிறகு போனை எடுத்து, வண்டி விற்கவில்லை, வர வேண்டாம் என்று அந்த ஆளிடம் ஹிந்தியில் சொன்னாள். அப்பாவிடம், "டெய்லி ஒரு டிரிப்தான். கண்ணும் செக்கப் பண்ணணும். ஓகேவா?" என்றாள்.

"சரிம்மா, சரிம்மா" என்றார். டயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை அவர் தனியாகவே போனார். அன்று மத்தியானம் நான் நன்றாகத் தூங்கினேன்.