மூன்று ஈயப் பதக்கங்கள்

கல்யாணமான வருஷம் பம்பாயில் பாந்திரா மாதா திருவிழாவுக்குப் போனோம். மேடேறும் வழியெல்லாம் நேர்த்திக்கடனுக்கு மெழுகில் செய்த கை, கால், தொட்டில் விற்றார்கள். என் வீட்டுக்காரர் மாதா படம் அச்சிட்ட ஈயப் பதக்கம் ஒன்று வாங்கி, கோயிலில் வைத்து வேண்டி, கறுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். அவரைப்போலத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் பலர் கழுத்திலும் அது கிடக்கும்.

அடுத்த சித்திரையில் ஒரு சாயங்காலம் தாராவியில் எங்கள் கூரைத் தகரம் அதிர்ந்தது. துறைமுகத்தில் கப்பல் வெடித்துவிட்டது என்றார்கள். அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். முகம் பார்த்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. உடல்களிலிருந்து கழற்றியவற்றை நம்பர் கட்டித் தட்டில் வைத்திருந்தார்கள். அதில் மூன்று மாதா பதக்கங்கள். மூன்றும் ஒரே அச்சு.

"ஏட்டி, எதுன்னு சொல்லு."

"தெரியலண்ணே."

"தெரியலன்னா ஒண்ணும் தரமாட்டாங்க. வெறுங்கையோட போகணும்."

நடுவில் இருந்ததைத் தொட்டேன். அந்த நம்பர் உடலைக் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து அதைக் கழுத்தில் கட்டும்போதுதான் கவனித்தேன். அவருடையதில் வளையம் இருந்தது. இதில் ஆணியால் அடித்த ஓட்டை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்து அழ ஓர் இடமும் எனக்கு இல்லாமல் போய்விடும்.

பத்து நாள் கழித்துப் பக்கத்துச் சந்துப் பெண் துக்கம் கேட்க வந்தாள். அவள் புருஷனும் அன்று துறைமுகத்துக்குப் போனவன்தான், திரும்பவில்லை. பேசிக்கொண்டிருந்தவள் என் கழுத்தைப் பார்த்தாள். பதக்கத்தைக் கையில் எடுத்தாள்.

"வளையம் உடைஞ்சிட்டுன்னு எங்க வீட்டுக்காரவுகதான் ஆணி அடிச்சி ஓட்டை போட்டாவ. நான்தான் பிடிச்சிக்கிட்டேன். ஒங்களுக்குத் தெரியுமாக்கா, இது ஒங்களது இல்லன்னு?"

"தெரியும்."

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "எங்க அடக்கி வச்சிருக்கீங்கன்னு காட்டுங்க" என்றாள், அவ்வளவுதான்.

பதக்கத்தைக் கழற்றிக் கொடுத்து, கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவள் மண்மேட்டில் விழுந்து அழுதாள். சிலுவையில் என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அண்ணன் மறுநாள் அதை அழித்து அவள் புருஷன் பெயரை எழுதினான்.

நான் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்பாரில்லாத உடல்களை ஒன்றாகப் புதைத்தாயிற்று என்றார்கள். எங்கே என்று கேட்டேன். அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.