எதிர் ஓரத்து ஈரம்

மில் கால்பந்து அணியின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவரைச் சுண்ணாம்பு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கோடு போடுகிறவர், புருவம்கூட வெள்ளை. கேலரிப் படிகளுக்கு அடியில் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு மனைவி என்று குடித்தனம். ஆட்ட நாட்களில் தலைக்கு மேல் ஆயிரம் பேர் குதிப்பார்கள். மூடாத பாத்திரத்தில் காரை உதிரும். அணி தோற்றால் குதிப்பு குறைவு என்பதால், மனைவிக்கு அதன் தோல்விகளில் பெரிய வருத்தம் இருந்ததில்லை.

பஸ் டிப்போ அணியிடம் மில் அணி ஒன்பது வருடம் விடாமல் தோற்றது. இடையில் சுண்ணாம்பின் அக்கா மகன், இதே புல்லில் பந்து பழகியவன், டிப்போவில் டிரைவர் வேலை கிடைத்ததும் அந்தப் பக்கம் தாவிவிட்டான். வலது ஓரத்தில் அவன் ஓட ஆரம்பித்தால் மில் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் வழியனுப்ப வந்தவர்களைப் போல நிற்பார்கள்.

பத்தாவது வருடம், ஜெயிக்கிற அணிக்கு மேல் டிவிஷன் என்று ஆனது. காலையில் கிளப் செயலாளர் வந்தார்.

"இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறினா உன் அக்கா பையன் கேலரிக்கு எதிர் ஓரத்துக்குத்தானே வருவான்? அங்க புல்லு காஞ்சு கிடக்கு பாரு. கொஞ்சம் தண்ணி காட்டு."

"நம்மாளுங்களும் அங்க ஓடணுமே சார்."

"நம்மாளுங்க எங்கய்யா ஓடுறாங்க? நீ காட்டு. சாகுற வரைக்கும் இந்த ரூம் உனக்குத்தான்."

வழுக்கினால் பையனின் வேகம் குறையும், அவ்வளவுதானே என்று சுண்ணாம்பு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். குழாயையும் திறந்தார்.

முதல் பாதியில் அவன் ஒரு கோல் போட்டான். இரண்டாம் பாதியின் ஐந்தாவது நிமிடத்தில் எதிர் ஓரத்து ஈரத்தில் வழுக்கி அவன் முழங்கால் மடங்கியது. கேலரிக்குக் கேட்காத அந்தச் சத்தம் கோட்டருகே நின்ற சுண்ணாம்புக்குக் கேட்டது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியதும் அவர்தான். "என் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, பாருங்க மாமா" என்றான் பையன். அவர் பார்க்கவில்லை.

மில் அணி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. பயிற்சியாளரின் வியூகம் என்று பத்திரிகை எழுதியது. என் தம்பி மாதிரி ஓடி வந்து யார் தூக்குவார்கள் என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள்.

மேலே போன கிளப்புக்குப் பெருந்தன்மை தேவைப்பட்டது. கிளட்சை மிதிக்க முடியாத டிரைவரை டிப்போ வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மில் கமிட்டி அவனுக்குச் சால்வை போட்டு, கேமரா முன்னால் வேலையும் கொடுத்தது. மைதானப் பராமரிப்பு, தங்குவதற்கு அதே அறையுடன். சுண்ணாம்புக்கு ஒரு மாதக் கெடு.

"சாகுற வரைக்கும்னு சொன்னீங்களே சார்."

"உன் சொந்தக்காரனுக்குத்தானேய்யா கொடுத்திருக்கோம்? வீடு குடும்பத்தை விட்டுப் போகலையே!"

கடைசி நாள் பையன் ஊன்றுகோலுடன் வாசலில் வந்து நின்றான். மாமி பாத்திரங்களைக் கட்டி வைத்திருந்தாள்.

"ஒரு மூலையில நாங்களும் இருந்துக்கறோம்டா" என்றார் சுண்ணாம்பு. "இந்த வயசுல எங்க போறது?"

"ஒரு மாசமா நான்தான் தண்ணி காட்டுறேன் மாமா. எதிர் ஓரம் மேடு. சும்மா விட்டா தண்ணி நிக்கவே மாட்டேங்குது." குரலில் கோபமில்லை, தொழில் சந்தேகம் கேட்கிற தொனி. "அன்னைக்கு எவ்வளவு நேரம் திறந்து விட்டீங்க?"

மாமி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம்" என்றார் சுண்ணாம்பு.

"பாதி போதுமே மாமா" என்றான் பையன், சாவிக்குக் கையை நீட்டி.

மாமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, அவருக்காக நிற்காமல், தன் நாத்தனார் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.