சாயம் வேண்டாத இலை

ஆய்வகத்தில் அவருக்குச் சாயக்காரர் என்றே பெயர். இலையை மெல்லிசாகச் சீவி, சாயத்தில் முக்கி, செல்லுக்குள் மாவுச்சத்து எங்கே, எண்ணெய் எங்கே என்று நுண்ணோக்கியில் காட்டுவது அவர் வேலை. கையுறை போட்டால் சீவல் பிடிபடாது என்று வெறுங்கையாலேயே காலத்தை ஓட்டிவிட்டார். விரலில் ஏறிய சிவப்பு எந்த சோப்புக்கும் மசியவில்லை.

"விசேஷ வீட்டுல கையைப் பாக்கெட்டுக்குள்ளயே வச்சுக்கோங்க. கொலை பண்ணிட்டு வந்தவர் மாதிரி இருக்கு" என்பாள் மனைவி.

பிறகு லேசர் நுண்ணோக்கி வந்தது. அதற்குச் சாயமே வேண்டாம். ஒளி பட்டதும், உயிரோடிருக்கும் இலைக்குள் சத்துகள் அப்படியே திரையில் தெரிந்தன. சாயத்தில் செத்த இலைகளையே ஆயுள் முழுக்கப் பார்த்தவர், எண்ணெய்த் துளிகள் செல்லுக்குள் ஊர்ந்து போவதைக் கண்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அந்த மாதமே சிறுநீரில் ரத்தம் போயிற்று. டாக்டர் அவர் விரல்களைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். எத்தனை வருஷமாக வெறுங்கையால் சாயம் தொடுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"சிறுநீர்ப்பையில கட்டி இருக்கும் போலிருக்கு. சாயம் ஏத்தித்தான் ஸ்கேன் எடுக்கணும். அப்பதான் எங்கெங்க பரவியிருக்குன்னு தெரியும்."

ஸ்கேன் அறையில் நர்ஸ் ஊசியோடு வந்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. சாயம் ஏறும்போது உடம்பு லேசா சூடாகும், அவ்வளவுதான்."

அவர் சிவந்த விரல்களை விரித்துக் கையை நீட்டினார்.

"போடும்மா. சாயம் ஏத்தின பிறகு எதுவும் பிழைச்சு நான் பார்த்ததில்ல."