நெல் தராசில் அப்பா

எங்கள் வட்டை வயலில் விளைந்த நெல்லை நிறுக்கும் தராசிலேதான் அந்த வருடம் அப்பாவையும் நிறுத்தார்கள். முற்றத்து மாமரக் கிளையில் தராசைக் கொளுவி, அதன் கீழே பலகை கட்டி, ஊஞ்சலில் இருத்துவது போல அவரை இருத்துவார்கள். தினமும் காலையில், சலம் போய் வந்த பிறகு, கஞ்சி குடிப்பதற்கு முன். "ஒரு மூட்டைக்கு இன்னும் எவ்வளவு குறையுது?" என்று மூச்சு வாங்கியபடியே அப்பா பகிடி விடுவார். சின்னம்மா சிரிக்கமாட்டார். முள் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கே போகும் என்பதால் அக்காவும் தங்கையும் ஒரே வேலிக்குள் குடியிருந்தார்கள். அவர் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸ். இருதயக்காரரும் இழுப்புக்காரரும் கிடக்கிற வார்டில் வேலை. ஆஸ்பத்திரி வாவிக்கு அக்கரை, நாங்கள் இக்கரையில் வவுணதீவுப் பக்கம். லீவில் வந்த நேரம் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டதில் அவர் எங்களோடு மாட்டிக்கொண்டார். அது அப்பாவின் அதிர்ஷ்டம் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால் சின்னம்மா அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. இருதயம் சோர்ந்துபோனதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடுகிறதாம். அப்பாவின் காலில் பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். மல்லாந்து படுக்க முடியாது, மூச்சு அடைக்கும். முதுகுக்கு இரண்டு நெல் மூட்டைகளை அண்டக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். ஒரு வெறும் சாராயப் போத்தலைக் கழுவி நிரப்பி வைத்திருந்தார் சின்னம்மா. ஒரு நாளைக்கு அவ்வளவுதான். தேத்தண்ணி, கஞ்சி, குளிசை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கறியில் உப்பும் கிடையாது.

அப்போது கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வாய் உலர்ந்து உதடு வெடிக்கிற காலம். வாசலில் இருந்தால் வாவி பளபளவென்று தெரியும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே உதட்டை நக்குவார். யாரிடமும் எதையும் இரந்து கேட்காத மனிதர், ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"மகள், ஒரு பேணி தண்ணி தா. சின்னம்மாட்ட சொல்லாத."

எனக்கு ஒன்பது வயது. தகரப் பேணியைச் சட்டைக்குள் மறைத்துக் கிணற்றடிக்கு ஓடினேன். அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த மூன்று நாளும், அம்மாவும் சின்னம்மாவும் கண் மறைகிற போதெல்லாம். இவ்வளவு தண்ணீர் சூழக் கிடக்கையில் ஒரு மனிதரைக் காய வைக்கும் சின்னம்மாவை நான் மனதாரத் திட்டினேன்.

என்னைக் காட்டிக் கொடுத்தது தராசுதான். ஐந்தாம் நாள் காலை முள் மூன்று கிலோ கூடுதலாகத் தள்ளி நின்றது. சின்னம்மா போத்தலைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தான் போய் அள்ளிக் குடிச்சன்," என்றார் அப்பா அவசரமாக. பத்தடி நடக்க முடியாதவர் கிணற்றில் அள்ளிக் குடித்தாராம்!

அன்று பின்னேரம் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் சோறு கொதிப்பது போன்ற சத்தம். வாயோரம் நுரை. சின்னம்மா அவரைக் கட்டிலோரம் இருத்திக் கால்களைத் தொங்கவிட்டு, உடம்பில் தங்கின தண்ணீரைச் சலமாகப் போக்கும் குளிசையில் வழமையான ஒன்றுக்குப் பதிலாக மூன்றைக் கொடுத்தார். பிறகு மூட்டைகளைத் தள்ளிவிட்டுத் தானே அவருக்குப் பின்னால், முதுகோடு முதுகு ஒட்ட உட்கார்ந்தார். "அத்தான், என்னில சாய்ஞ்சு கொள்ளுங்க. மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் மூச்சு இறங்கியது. அவ்வளவு நேரமும் சின்னம்மா அசையவேயில்லை. பயத்தில் நான் அழுதேன். ஆனாலும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு என் மண்டையில் ஏறவில்லை.

அதன் பிறகு சின்னம்மா இரண்டு தடவை மருந்து கேட்டுக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடிக்குப் போனார். அக்கரையிலிருந்து எதுவும் கொண்டுவர விடவில்லை. இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பி, செருப்பைக் கழற்றாமலே வாசலில் குந்தியிருந்தார்.

அடுத்த கிழமை ஒரு காலை. தராசுக்குத் தயாராக அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சின்னம்மா குளிசை டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார்; ஒன்றும் விழவில்லை, மூடினார். மாமரத்தடிக்குப் போய்த் தராசைக் கழற்றி, பலகையை அவிழ்த்து, சுவரோடு சாத்தி வைத்தார்.

"அக்கா, அத்தான் கேக்கிற மட்டும் தண்ணி குடுங்க. கறிக்கும் உப்புப் போடுங்க."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா சின்னம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, புள்ள," என்றார், அவ்வளவுதான்.

எனக்கோ கால் தரையில் படவில்லை. பேணி அல்ல, பெரிய செம்பு நிறையக் கொண்டு ஓடினேன். யாருக்கும் ஒளிக்கத் தேவையில்லாமல், எல்லார் முன்னிலையிலும் கொடுத்தேன். அப்பா இரண்டு மடக்குக் குடித்தார். "போதும் மகள்," என்று செம்பைத் திருப்பித் தந்தார். நாட்கணக்காகத் தவித்தவர் ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் குடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சின்னம்மா கிணற்றடியில் அந்தச் சாராயப் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார். மனம் இளகிவிட்டார், நான் வென்றுவிட்டேன் என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"இப்பதான் நீங்க நல்ல சின்னம்மா," என்றேன்.

அவர் திரும்பவில்லை. சுத்தமாகிவிட்ட போத்தலை மறுபடியும் மறுபடியும் கழுவிக்கொண்டேயிருந்தார்.